ஹால் மூலையில் நாற்பத்தொரு இன்சுலேட்டர்

யார் உதவியும் இல்லாமல் டிவிக்கு வைஃபை கொடுத்துக் காட்டுகிறேன் என்று எங்கப்பா ஞாயிற்றுக்கிழமை காலையில் சபதம் போட்டார். யார் உதவியும் என்றால், என் உதவி. நான் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்க்கிறேன். நாள் தவறாமல் யாருக்காவது இதைச் செய்து கொடுக்கிறேன். ஆனால் பன்னிரண்டாவதில் கணக்கில் கோட்டை விட்டு, திரும்ப எழுத மாட்டேன் என்று சொன்னவள்.

"கணக்குல பதினேழு வாங்கினவ சொல்லி நான் கேக்கணுமா?" என்றார்.

சரி, கேட்க வேண்டாம்.

அப்பா பெயர் ஆதிநாராயணன். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில், கரண்டு கம்பத்தில் மாட்டுகிற இன்சுலேட்டர் செய்கிறார். இருபத்திரண்டு வருஷம். சூளையில் விரிசல் விட்டது, வாய் கோணியது எதையும் தூக்கிப்போட அவருக்கு மனசு வராது. வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். ஹால் மூலையில் நாற்பத்தொரு இன்சுலேட்டர், பதினாறு ஊறுகாய் ஜாடி, காது இல்லாத கப்பு ஒரு சாக்கு. போதாததற்கு ஒரு வெஸ்டர்ன் கக்கூஸ். விருந்தாளி வந்தால் அதன்மேல் போர்வை போட்டு மூடுவோம். நல்லூர் சித்தப்பா ஒருதடவை அதில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, நாற்காலி வசதியாக இருக்கிறது என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா திரௌபதிக்கு அந்த மூலை வேண்டும். அவள் தையல் மெஷின் தோட்டத்துப் பக்கம் தகரக் கொட்டகையில் நிற்கிறது. மழை வந்தால் மெஷினுக்குக் குடை, அம்மாவுக்கு லீவு. மூன்று வருஷமாகக் கேட்டுப் பார்த்தாள். அப்பா ஒவ்வொரு தடவையும் ஒரு இன்சுலேட்டரைக் கையில் எடுத்து, பதினோராயிரம் வோல்ட்டு வந்தாலும் இதைத் தாண்டாது என்று பிரசங்கம் செய்வார். மூலை அப்படியே இருக்கும்.

அன்றைக்கு ஏழு மணிக்குக் கபடி ஃபைனல். அப்பாகூட வேலை செய்யும் திருமால் மாமாவைக் குடும்பத்தோடு வரச் சொல்லியாகிவிட்டது. அப்பா புதிதாக வாங்கிய வைஃபை ஸ்டிக்கை டிவியில் சொருகினார். பாஸ்வேர்டு போட்டார். இணைந்தது, ஆனால் இன்டர்நெட் இல்லை என்று திரையில் வந்தது. பிடுங்கிச் சொருகினார். ஊதிச் சொருகினார். வேட்டி முனையால் துடைத்துச் சொருகினார். ரௌட்டருக்குக் கற்பூரம் காட்டாததுதான் பாக்கி. மணி நாலு ஆகிவிட்டது.

அம்மா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, ரௌட்டரு உள் ரூம்ல இருக்குது. டிவி இங்க இருக்குது. நடுவுல என்ன இருக்குது?"

"என்ன இருக்குது?"

"நாப்பத்தொரு இன்சுலேட்டரு."

அப்பா சிரித்தார். "கரண்டு வேற, வைஃபை வேற, திரௌபதி."

"பதினோராயிரம் வோல்ட்டையே நிறுத்துதுன்னு சொன்னீங்க. இந்த நூலு மாதிரி வர்ற சிக்னலு தாண்டிடுமா? அப்ப உங்க சரக்கு அவ்ளோதானா?"

அப்பாவின் சிரிப்பு பாதியில் நின்றது. தாண்டும் என்றால் சரக்கு மட்டம். தாண்டாது என்றால் மூலை போச்சு.

"போன்ல மட்டும் வருதே."

"போன கையில வெச்சுக்கிட்டு சுத்துறோம், எங்கியாவது புடிச்சுக்குது. டிவி நட்டு வெச்ச எடத்துல நிக்குது. அது எங்க போவும் பாவம்?"

அப்பா என்னைப் பார்த்தார். எனக்கு விஷயம் தெரியும். பரீட்சை சமயத்தில் என் போனிலும் இதேதான் வந்தது. ரௌட்டர் ஆப்பில் என் பெயரைத் தட்டி நெட்டை நிறுத்தியவள் அம்மா. அந்த ஆப் இன்னும் அவள் போனில்தான் இருக்கிறது.

"கணக்குல பதினேழு. எனக்கு என்னாப்பா தெரியும்" என்றேன்.

அப்பா பனியனைக் கழற்றினார். ரெண்டரை மணி நேரம். எல்லாம் தகரக் கொட்டகைக்குப் போனது, தையல் மெஷின் உள்ளே வந்தது. கடைசியாகக் கக்கூஸைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார். பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற முகம். அம்மா ஒரு நிமிஷம் அடுப்படிக்குப் போய்விட்டு வந்தாள்.

"இப்ப போடுங்க."

படம் பளிச்சென்று வந்தது.

திருமால் மாமாவிடம் அப்பா அன்றைக்குக் கபடியைப் பற்றிப் பேசவே இல்லை. "நம்ம சரக்கு வைஃபையவே நிறுத்திடுச்சுய்யா" என்று நாலு தடவை சொன்னார். மாமாவின் மனைவி ராஜாம்பாள் அம்மாவை அடுப்படிக்குத் தள்ளிக்கொண்டு போய் எதையோ விசாரித்தார். அவர்கள் வீட்டிலும் ஒரு மூலை இருக்கிறது.

அடுத்த ஞாயிறு அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. ஒரே ஒரு குட்டி இன்சுலேட்டரைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து டிவிக்குப் பின்னால் வைத்தார். அம்மா மூலையில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. துணிக்கு அடியில் கட்டைவிரல் மட்டும் ஒருதடவை அசைந்தது.

படம் நின்றது.

அப்பா இன்சுலேட்டரை எடுத்துத் துடைத்து, கொட்டகைக்கு நடந்துகொண்டே என்னிடம் பெருமையாகச் சொன்னார்: "பாத்தியா, குட்டிதான், அதுக்கே என்னா பவரு."