மூன்று நாள் மாரியம்மன்

மூன்று நாள் நான் சாமியாக இருந்திருக்கிறேன். அந்த வேலைக்கு எனக்குத் தகுதியே கிடையாது. பொய் சொல்லித்தான் சேர்ந்தேன்.

பதினேழு வயதிலிருந்து எனக்குச் சோரியாசிஸ். முழங்கையிலும் முதுகிலும் தோல் செதில் செதிலாக உதிரும். யாருக்கும் தொற்றாது. ஆனால் பெண் பார்க்க வருகிறவர்களிடம் அதை யார் விளக்குவது? என் அம்மா முழங்கை மறைய ரவிக்கை தைத்தாள். நான் பழைய சீட்டைக் காட்டி, மருந்துக் கடையில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி விழுங்கினேன். கல்யாணத்தன்று தோல் பளபளவென்று இருந்தது. (முகமும் உப்பியிருந்தது. "பொண்ணு நல்லா பூசினாப்ல இருக்கா" என்று சந்தோஷப்பட்டார்கள்.)

மாமியார் வீடு அடி அண்ணாமலையில். இரண்டு அறை, ஒரு பீரோ, அதன் சாவி அத்தையின் இடுப்பில். மாத்திரை அட்டையை ஒளிக்க இடமில்லை. கல்யாணம்தான் முடிந்துவிட்டதே என்று ஒரே நாளில் நிறுத்திவிட்டேன். விலங்கியல் பட்டதாரி நான். அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்பது தெரியாத அளவுக்குப் படித்திருந்தேன்.

பத்தாம் நாள் காலை கண்ணாடியில் ஒரு மிளகாய்ப்பழம் நின்றது. நெற்றியிலிருந்து பாதம்வரை ஓர் இடம் விடாமல் சிவப்பு. மேலே அனலாகக் கொதித்தது, ஆனால் குளிரில் பல் தந்தியடித்தது. எட்டிப் பார்த்த அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அம்மா வந்துட்டா."

"முத்து ஒண்ணும் போடலியே" என்றாள் பக்கத்து வீட்டுக் கன்னியம்மா.

"உள்ளயே நிக்கிறா. மெதுவா எறங்குவா."

இது அம்மை இல்லை, என் பழைய வியாதி என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் பெட்டியோடு பிறந்த வீட்டில் விட்டுவிடுவார்கள் என்று பயம். கல்யாணமாகி இருபது நாள்கூட ஆகவில்லை. வாயை மூடிக்கொண்டேன். என் அம்மாவுக்குத் தகவல் சொல்லவும் நான் விடவில்லை. அவள் ஓடிவந்தால் குட்டு உடைந்துவிடும்.

வாசலில் வேப்பிலை ஏறியது. சமையலில் தாளிப்பு நின்றது. ஊசி, மருந்து எதுவும் கூடாது. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து என் உடம்பெல்லாம் பூசினார்கள். வெந்த தோலில் அது எப்படி எரிந்தது என்று சொல்ல இன்றும் எனக்கு வாய் வரவில்லை. கிரிவலப் பாதையில் அத்தைக்கு இளநீர்க் கடை. பௌர்ணமிக்குத்தான் வியாபாரமே. வீட்டில் அம்மா இருக்கிறாள் என்று அதையும் திறக்கவில்லை. கன்னியம்மா என் கால்மாட்டில் உட்கார்ந்து, "தாயே, எம் பையனுக்கு ஒரு வேல குடுத்துடு" என்றாள். குளிரில் என் தலை ஆடியது. உத்தரவு கிடைத்துவிட்டது என்று எழுந்து போனாள்.

மூன்றாம் நாள் பாய் முழுக்க என் தோல் கிடந்தது. கால்கள் வீங்கிவிட்டன. செத்துப்போவேன் என்று புரிந்தது. புரிந்தும் சொல்லவில்லை. பெட்டியோடு திரும்புவதைவிடப் பாடையில் போவது கௌரவம் என்று நினைத்தேன். இருபத்து மூன்று வயதில் எனக்கிருந்த புத்தி அவ்வளவுதான்.

நான் மயங்கி விழுந்ததும் என் கணவர் யாரையும் கேட்கவில்லை. தூக்கி ஆட்டோவில் போட்டார். அத்தை ஒரு கொத்து வேப்பிலையோடு ஏறிக்கொண்டார். பௌர்ணமிக் கூட்டம் மதியமே பாதையை அடைத்துக்கொண்டு நடந்தது. அத்தை வேப்பிலையை வெளியே நீட்டி, "அம்மா வர்றா, வழி வுடுங்க" என்றார். கூட்டம் விலகியது. சிலர் என்னைக் கும்பிட்டார்கள். அரைக் கண்ணில் அதைப் பார்த்தபோது எனக்கு அழக்கூடத் தெம்பில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என் முழங்கையைத் திருப்பிப் பார்த்தார். "முன்னாடியே சோரியாசிஸ் இருந்துச்சாம்மா? ஏதாவது மாத்திரைய நிறுத்தினியா?"

அத்தை பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"ஆமாங்க. ஆறு வருஷமா இருக்கு. மாத்திரைய நிறுத்திட்டேன்" என்றேன்.

"இன்னும் ஒரு நாள் போயிருந்தா கஷ்டம்" என்றார் டாக்டர், அத்தையைப் பார்த்து.

"என்னை அனுப்பிடாதீங்க அத்தை" என்று அழுதேன்.

"சாவுறதுக்குத் துணிஞ்சவளுக்கு எங்கிட்ட சொல்லத் துணிச்சல் இல்லியா? எங்கள இன்னான்னுடி நெனச்ச?" என்ற அத்தையின் குரல் உடைந்துவிட்டது. நான் அவரைப் பற்றி என்ன நினைத்தேன் என்பது எனக்கே அசிங்கமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் இருந்தவரை தினமும் என் முதுகுக்குக் களிம்பு தடவியது அவர்தான், திட்டிக்கொண்டே.

இப்போதும் எங்கள் வீட்டில் யாருக்காவது உடம்பு சுட்டால், "சாமியா, காய்ச்சலா, மொதல்ல சொல்லிடு" என்பார் என் கணவர்.

போன மாதம் என் கொழுந்தனுக்குப் பெண் பார்க்கப் போனோம். அத்தை அந்தப் பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்தார். "சமையல் தெரியுமான்னுலாம் கேக்க மாட்டேன். ஒடம்புக்கு ஏதாவதுன்னா இப்பவே சொல்லிடும்மா. நாங்க மொதல்ல கும்புட்டுட்டு அப்பறம்தான் ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

எல்லோரும் சிரித்தோம். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

"எனக்கு வலிப்பு இருக்குங்க. மாத்திர சாப்புடறேன்" என்றாள். அவள் அம்மாவின் முகம் வெளுத்துப்போனது.

அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "வேளாவேளைக்குச் சாப்புடறியா?"

தை மாதம் கல்யாணம்.