தொட்டிக்குள் இறங்காதவர்

திருப்பூரிலிருந்து ஜெர்மனிக்குப் போய், ஓட்டலுக்குள்ளேயே மழை பெய்ய வைத்துவிட்டுத் திரும்பிய ஒரே மனிதர் எங்கள் செவப்பண்ணன்தான்.

அவர் சாயப்பட்டறை மாஸ்டர். இரண்டு கையிலும் முழங்கை வரை சிவப்பு ஏறியிருக்கும். எந்தச் சிவப்பைக் கண்டாலும் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்ப்பார். தபால் பெட்டியைக்கூட ஒருமுறை தேய்த்துப் பார்த்ததாகச் சொல்வார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எங்கள் கம்பெனி அனுப்பிய சிவப்பு டீ-ஷர்ட்டில் சாயம் போகிறதென்று, அதை வாங்கிய ஜெர்மனி பையர் கோபித்துக்கொண்டார். புது சாம்பிளோடு நேரில் வாருங்கள், அதிலும் சாயம் போனால் இனி வியாபாரம் இல்லை என்றுவிட்டார். அந்த ஆர்டர் இல்லையென்றால் கம்பெனியை மூட வேண்டியதுதான். முதலாளி, சாயத்துக்குப் பதில் சொல்லச் செவப்பண்ணனையும், சாம்பிளை அயர்ன் பண்ணி மடித்துக் காட்ட என்னையும் கூட்டிப்போனார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தமிழிலேயே நாலு பேர் முன்னால் பேச மாட்டேன்.

அங்கே ஓட்டலில், முதலாளியின் ரூமுக்கு நேர் மேலே எங்கள் ரூம். மறுநாள் காலை பையர் ஓட்டலுக்கே வந்து சாம்பிள் பார்ப்பதாக ஏற்பாடு.

விடிந்ததும் பாத்ரூமுக்குள் போன செவப்பண்ணன் குரல் கொடுத்தார். "கண்ணு, இங்க வா. தண்ணி மோக்க ஒரு போசியக் காணோம்!"

சுருட்டி மாட்டியிருந்த காகிதத்தைத் தடவினார். வெளிச்சத்தில் பிடித்து, துணியின் கனம் பார்ப்பதுபோல் உதறினார்.

"ஜிஎஸ்எம் பத்தாது கண்ணு. இத நம்பி உக்கார முடியாது."

பல் தேய்க்க வைத்திருந்த கண்ணாடித் தம்ளரை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்.

அடுத்தது குளியல். ஆள் படுக்கிற நீளத்தில் ஒரு வெள்ளைத் தொட்டி.

"இதுக்குள்ள எறங்கிக் குளிக்கோணுமாமுங்கண்ணா. மொதலாளி சொன்னாருங்க."

"மோந்து ஊத்தற தண்ணிக்குள்ள காலை வெக்கறதா? நாம என்ன துணியா கண்ணு, தொட்டியில முக்கி எடுக்க?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. தொட்டியை நிரப்பி, வெளியே நின்று, கழுவிய குப்பைக்கூடையால் மொண்டு ஊற்றி, ஆளுக்கொரு முறை சாவகாசமாகக் குளித்தோம்.

பிறகுதான் பார்த்தோம், தண்ணீர் போகவில்லை. தரையில் ஓட்டையே இல்லை. மூலையில் தேடினோம், கமோடுக்குப் பின்னால் தேடினோம்.

"இவுங்க தண்ணியெல்லாம் எங்கீங்ணா போகும்?"

"தானாக் காஞ்சுருமோ என்னமோ."

காயவில்லை. கதவைத் தாண்டிக் கம்பளத்துக்குள் இறங்கியது. வெள்ளைத் துண்டுகளை எடுத்துப் போட்டோம். போதவில்லை. எங்கள் ஊரில் எது சிந்தினாலும் வேஸ்ட் பனியன் துணியால்தான் துடைப்போம். அந்தப் பழக்கத்தில், கைக்கு அகப்பட்ட பனியன் துணியையெல்லாம் அள்ளிப் போட்டார் செவப்பண்ணன்.

"அண்ணா, அது சாம்பிளுங்க!"

அவர் கை அப்படியே நின்றது. அதற்குள் கதவு தட்டும் சத்தம். திறந்தால் முதலாளி. பாதி முகத்தில் ஷேவிங் நுரை, தலை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"ஏனுங்க மாஸ்டர், மேல மழைங்களா?"

தரையைப் பார்த்தார். சாம்பிளைப் பார்த்தார். கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"போச்சுங்க. கம்பெனியே போச்சு."

அவருக்குப் பின்னாலேயே பையர் வந்து நின்றார். நான் திரைச்சீலைக்குப் பின்னால் போய்விட்டேன். இடுப்புத் துண்டோடு நின்ற செவப்பண்ணன், ஈர டீ-ஷர்ட் ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி கும்பிட்டார்.

பையர் குனிந்து, சிவப்புக் குவியலுக்கு அடியில் ஊறிக் கிடந்த வெள்ளைத் துண்டை உருவினார். முன்னும் பின்னும் திருப்பினார். பிழிந்தார். வெறும் தண்ணீர்தான் வந்தது. துண்டு வெள்ளையாகவே இருந்தது.

ஜெர்மன் மொழியில் நீளமாக ஏதோ சொன்னார். திட்டா, பாராட்டா, முதலாளிக்கும் விளங்கவில்லை. செவப்பண்ணன் இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி தலையாட்டி வைத்தார்.

ஆர்டர் வந்தது. சாயம் நின்றதற்காகவா, எங்கள் கோலத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டா என்று இன்றுவரை தெரியாது. கேட்டால், "வந்தத வெச்சுக்க கண்ணு, நோண்டாத" என்பார்.

ஊர் திரும்பியதும், திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் தன் வீட்டில் அதே மாதிரி ஒரு வெள்ளைத் தொட்டி வாங்கிப் போட்டார். அதை நிரப்பி வைத்து, வெளியே நின்றே குளித்தார். கோடையில் குழாய் வற்றினால் தெருவே அங்கே குடத்தோடு நிற்கும்.

செவப்பண்ணன் இப்போது இல்லை. தொட்டி இருக்கிறது. போன மாதம் அந்த வீட்டில் தங்கிக் குளிக்க நேர்ந்தது. கதவு சாத்தியிருந்தது, பார்க்க யாருமில்லை. ஆனாலும் நான் வெளியே நின்றுதான் மொண்டு ஊற்றினேன்.