முன் பிக்கப், பின் பிக்கப்

இனிமேல் தன் வாசிப்பை உலகம் காதால் கேட்டே ஆக வேண்டும் என்று பெருமாள்சாமி முடிவு கட்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமை, லிங்கராஜபுரத்தில், பெர்னார்ட் வீட்டு வாசலில். முடிவு பெரியது. ஆள்தான் களைத்துப் போயிருந்தார். நாற்பத்தாறு வயசில் முடிவெடுப்பதே ஒரு நாள் வேலை.

பகலில் அவர் ஓர் ஆபீஸில் லிஃப்ட் ஆபரேட்டர். லிஃப்டில் ஏறுகிறவர்கள் அவர் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்; தலைக்கு மேலே ஓடும் எண்ணைத்தான் பார்ப்பார்கள். முகூர்த்த நாட்களில் சாயங்காலம் கோவிந்தப்பாவின் மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார். அங்கே பாடுகிறவருக்குக் கைதட்டல், டிரம்ஸ்காரனுக்கு விசில். பேஸ் நன்றாக இருந்தது என்று பதினெட்டு வருஷத்தில் ஒருத்தரும் சொன்னதில்லை. மோசம் என்றாவது சொல்லியிருக்கலாம். அதற்கும் ஆளில்லை.

இப்போது அந்த வாசிப்புக்கே வேட்டு வந்துவிட்டது. கோவிந்தப்பா புதுசாக ஒரு கீபோர்டு வாங்கிவிட்டார்.

"பெருமாளு, கீபோர்டுக்காரன் லெஃப்ட் ஹேண்டே பேஸ் குடுக்குதப்பா," என்றார் கோவிந்தப்பா. "ஆள் ஒண்ணு கம்மி ஆனா வேன்ல ஜாகா ஆவுது. உன் கிட்டார் சவுண்டு தெளிவா வந்தா இரு. இல்லன்னா ஸ்வல்ப ரெஸ்ட் எடு."

முழுசாக ஓர் ஆள் வந்து வேலையைப் பிடுங்கினால் கௌரவமாகச் சண்டை போடலாம். இது ஒருத்தனுடைய பாதி. அதுவும் இடது பாதி. பெருமாள்சாமிக்குத் தூக்கம் போய்விட்டது. அவருடைய பழைய கிட்டார் வேறு சளி பிடித்த மாதிரி முனகும். அதனால்தான் கிட்டார் ரிப்பேர் செய்யும் பெர்னார்டிடம் வந்து நின்றார்.

பெர்னார்ட் உள்ளே போய்ச் சிவப்பாக ஒன்றை எடுத்து வந்தார்.

"இதுல ரெண்டு பிக்கப் இருக்குது பாரு. கழுத்துப் பக்கம் ஒண்ணு, கம்பி வந்து முடியற பிரிட்ஜ் பக்கம் ஒண்ணு. முன்னாடி உள்ளது குண்டுச் சத்தம், உருண்டையா வரும். பின்னாடி உள்ளது வெட்டி வெட்டி விடும், மண்டபத்துல கடைசி நாற்காலி வரைக்கும் போவும். ரெண்டுக்கும் தனித்தனி வால்யூம் குமிழ். மூணாவது டோன்."

"விலை கேட்டா பயமா இருக்குமே."

"இம்போர்ட்டடுக்குத்தான் பயப்படணும். இது இங்கயே செஞ்சது. உன்னை மாதிரி ஆளுக்குன்னே செஞ்சது."

இதைப் புகழ்ச்சியாக எடுத்துக்கொள்வதா என்று பெருமாள்சாமிக்குத் தெரியவில்லை. கிட்டாரை எடுத்துக்கொண்டார்.

ஜீவனஹள்ளியில் அவர் வீடு இரண்டு அறை. அதில் ஒன்றில் மனைவி வேதநாயகி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் ஒரு டிரான்ஸ்பார்மர் கம்பெனியில் காயில் சுற்றும் பிரிவு. தலைமுடியை விட மெல்லிய செப்புக் கம்பியை ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், அறுக்காமல், இழுக்காமல், சுற்றுக் கணக்குத் தப்பாமல் சுற்றுகிறவள். இந்தப் பொறுமையைச் சாந்த குணம் என்று தப்பாக நினைத்துக்கொண்டு பெருமாள்சாமி பதினெட்டு வருஷமாகக் குடித்தனம் நடத்தி வந்தார்.

"இன்னாது இது?" என்றாள்.

"பேஸ் கிட்டார். ரெண்டு பிக்கப்."

"நம்ம ஸ்கூட்டருக்கு ஒரு பிக்கப்புக்கே வழியில்ல. மேடு வந்தா நான் இறங்கி நடக்கிறேன். இதுக்கு ரெண்டா?"

"அது வேற, இது வேற. கம்பி ஆடுறதை இதுதான் பிடிச்சுக் கரண்டா மாத்தி அனுப்பும்."

"காந்தம். அதைச் சுத்திக் கம்பி. அதானே?"

"ஆமா. உனக்கெப்படி..."

"நாள் முழுக்க அதைத்தான் சுத்துறேன். வீட்டுக்கு வந்தும் அதையேதான் பார்க்கணுமா?"

பெருமாள்சாமி ஸ்பீக்கர் பெட்டியில் ஒயரைச் சொருகி வாசித்துக் காட்டினார். பரணில் இருந்த எவர்சில்வர் தட்டுகள் கடகடவென்று ஆடின. அந்த வீட்டில் அவருக்குத் தாளம் போட்டவை அவை மட்டும்தான். வேதநாயகி எழுந்துபோய்த் தட்டுகளுக்கு நடுவே துணி சொருகிவிட்டு வந்து கீரையைத் தொடர்ந்தாள்.

"அடுத்த ஞாயிறு தீபிகா ரிசப்ஷன்," என்றாள். "சாயங்காலம் ஆறு மணிலேந்து வாசல்ல நிக்கணும். நானும் நீங்களும். பன்னீர், சந்தனம், கல்கண்டு."

தீபிகா வேதநாயகியின் அக்கா ஜானகியின் மகள். ஜானகி புருஷனை இழந்து இரண்டு வருஷம் ஆகிறது. வாசலில் நான் நின்றால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், நீயும் உன் வீட்டுக்காரரும் ஜோடியாக நின்று எல்லோரையும் வரவேற்றால்தான் எனக்கு நிம்மதி என்று சொல்லிவிட்டாள். பெற்றவள் நிற்காமல் யார் நிற்பது என்று வேதநாயகி அக்காவோடு ஒரு வாரம் சண்டை போட்டாள். அழுகைதான் மிஞ்சியது. கடைசியில் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள்.

பெருமாள்சாமிக்குச் சிக்கல் என்னவென்றால், ஆஸ்டின் டவுனில் நடக்கிற அதே ரிசப்ஷனுக்கு மாப்பிள்ளை வீட்டார் கோவிந்தப்பா குழுவைப் பேசியிருந்தார்கள். அன்றைக்கு மேடையில் இல்லையென்றால் அப்புறம் என்றைக்கும் இல்லை. அது அவருக்குச் சர்வ நிச்சயமாகத் தெரியும்.

"காலைல முகூர்த்தத்துக்கு நிக்கிறேனே," என்றார். "சாயங்காலம் மேடை இருக்கு."

"காலைல நூறு பேர் வருவாங்க. சாயங்காலம்தான் ஊரே வரும்."

"அதையேதான் நானும் சொல்றேன். ஊரே வர்றப்போ நான் மேடையில..."

"மேடையில எங்க? டிரம்ஸுக்குப் பின்னாடி. பதினெட்டு வருஷமா எல்லாக் கல்யாணத்துக்கும் தனியாப் போறேன். வீட்டுக்காரர் எங்கன்னு கேக்கிறாங்க. மேடையைக் காட்டுறேன். அவங்க டிரம்ஸ்காரனைப் பார்த்துட்டு, வயசு ரொம்பக் கம்மியா இருக்கேன்னு ஒரு மாதிரி சிரிச்சுட்டுப் போறாங்க."

பெருமாள்சாமிக்கு மனசு சுருக்கென்றது. நியாயம் அவள் பக்கம் இருப்பது தெரிந்தது. நியாயம் அவள் பக்கம் இருப்பது அந்த வீட்டில் புதுசும் இல்லை, அதனால் அவருக்கு அது பழகியும் இருந்தது. யோசிக்கலாம் என்று சொல்லிப் படுத்துக்கொண்டார்.

புதன்கிழமை, மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில், அவருக்கு ஒரு திட்டம் உதித்தது. அன்று சாயங்காலமே வேதநாயகியிடம் போட்டார்.

"சும்மனே பேஜார் பண்ணிக்க வேணாம். ஒரு பந்தயம் வெச்சுக்கலாம். நான் கண்ணைக் கட்டிக்கினு வாசிக்கிறேன். நீ குமிழைத் திருகு. முன்னாடி பிக்கப்பா, பின்னாடியா, ரெண்டுமான்னு நான் காதாலயே சொல்றேன். பத்துக்குப் பத்து சொன்னா, இந்தக் கிட்டாருக்கு அர்த்தம் இருக்குன்னு நீ ஒத்துக்கணும். நான் மேடைக்கு. ஒண்ணு தப்பினாலும் வாசலுக்கு."

"சரி," என்றாள்.

மூன்று குறுக்குக் கேள்வி கேட்காமல் வேதநாயகி எதற்கும் சரி என்று சொன்னதில்லை. அந்த இடத்திலேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும். சந்தோஷப்பட்டுவிட்டார்.

காரணம் உண்டு. காதை மட்டும் நம்பினால் பத்தில் எட்டு சரியாக வரும், பத்து வராது. இது அவருக்கே தெரியும். ஆனால் அவருக்கு மூக்கு இருந்தது. அது தாராளமான மூக்கு. அந்த மூக்குக்கு மேல் துண்டைக் கட்டினால் இரண்டு பக்கமும் ஜன்னல் மாதிரி இடைவெளி விழும். கீழே பார்த்தால் மடி தெரியும். மடியில் கிட்டார். கிட்டாரில் குமிழ்கள்.

வியாழக்கிழமை வேதநாயகிக்கு முதல் ஷிஃப்ட், மூன்று மணிக்கே வீடு. பெருமாள்சாமி ஆறரைக்கு வந்தார். முகம் கழுவினார். தன் துண்டைத் தானே மடித்தார், தானே கட்டினார்.

"நான் கட்டவா?" என்றாள்.

"வேணாம். நீ இறுக்கிடுவே. தலைவலி வரும்."

வாசிக்க ஆரம்பித்தார். துண்டுக்குக் கீழே, மூக்கின் இடது பக்கமாக, வளையல் போட்ட கை வந்து முதல் குமிழை மூடி இரண்டாவதைத் திறந்தது.

"பின்னாடி," என்றார் பெருமாள்சாமி. "எலுமிச்சம்பழம் கடிச்ச மாதிரி சுள்ளுன்னு இருக்குது பாரு."

"ம்," என்றாள் வேதநாயகி.

கை மாற்றித் திருகியது.

"முன்னாடி. இது களி உருண்டை. தொண்டையில இறங்குறது தெரியுது."

"ம்."

"இப்ப ரெண்டும். அடடா, இதுதான் முழுச் சாப்பாடு."

"ம்."

நாலு, அஞ்சு, ஆறு என்று சரியாகப் போனது. அவருக்கே தன் காது மேல் மரியாதை வந்துவிட்டது. ஏழாவது தடவை அந்தக் கை மூன்றாவது குமிழைக் கொஞ்சம் திருப்பியது.

"டோனைக் குறைச்சுட்டே," என்றார். "சத்தம் கம்பளி போர்த்திக்கிச்சு."

"டோன் பந்தயத்துல இல்லையே."

"காதுல விழுந்துச்சு, சொன்னேன். இத்தனை வருஷம் வாசிச்சவனுக்கு இது கூடவா தெரியாது?"

பத்து முடிந்தது. துண்டை அவிழ்த்தார். நெற்றியில் வியர்வை, முகத்தில் அமைதி.

"எத்தனை?"

"பத்துக்குப் பத்து," என்றாள் வேதநாயகி. "டோனையும் சேர்த்தா பதினொண்ணு."

"அப்போ மேடைதானே?"

அவள் போய் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்தாள். கிட்டாரைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்க மூடியின் நாலு ஸ்க்ரூவையும் கழற்றி, மூடியை எடுத்துக் கீழே வைத்தாள். உள்ளே மூன்று குமிழ்களுக்கும் போக வேண்டிய ஒயர்கள் எங்கேயும் போகாமல், நுனியில் கறுப்பு டேப் சுற்றி, அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தன. கம்பெனி வேலை மாதிரி சுத்தமாக இருந்தது.

"மத்தியானம் பண்ணேன்," என்றாள். "முன்னாடி பிக்கப் மட்டும் நேரா வெளிய போவுது. பின்னாடி உள்ளது சும்மா உக்காந்திருக்கு. குமிழை எந்தப் பக்கம் திருகினாலும் வந்தது ஒரே சத்தம்தான்."

பெருமாள்சாமி ஒயரைப் பார்த்தார். மூடியைப் பார்த்தார்.

"காதால கேட்டிருந்தா எல்லாம் ஒண்ணா இருக்கேன்னு குழம்பியிருப்பீங்க. நீங்க குழம்பவேயில்ல. குமிழ் எந்தப் பக்கம் திரும்புச்சோ அந்தப் பக்கம் பத்தும் கரெக்டாச் சொன்னீங்க. அது கண்ணு இல்லாம எப்படி வரும்?"

"டோன் கூடவா கழட்டியிருந்தே?"

"டோன் கூட."

கம்பளி போர்த்திக்கிச்சு என்று சொன்னது நினைவுக்கு வந்து பெருமாள்சாமிக்குக் காது சுட்டது. எல்லோரும் தன்னைக் கேட்கவில்லை என்று பதினெட்டு வருஷம் வருத்தப்பட்டவர், தன் வீட்டில், தன் மடியில், தன் கிட்டாரைத் தானே கேட்கவில்லை. வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரு புருஷன் கடைசிவரை முயற்சி செய்ய வேண்டும்.

"சரி, பார்த்தேன். ஒத்துக்கிறேன். பார்க்காம நேர்மையா இருந்து, எல்லாம் ஒரே சத்தம்தான்னு சொல்லியிருந்தா? அப்ப நான்தானே ஜெயிச்சிருப்பேன்?"

"எப்படி? முன்னாடிக்கும் பின்னாடிக்கும் வித்தியாசம் தெரியலைன்னு நீங்களே சொன்னதா ஆயிருக்கும். அதுவும் வாசல்தான்."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். அந்தப் பந்தயத்தில் வாசலைத் தவிர வேறு வழியே இல்லை. இத்தனைக்கும் பந்தயத்தைக் கட்டியது தான்தான் என்று இவ்வளவு நேரமும் நினைத்துக்கொண்டிருந்தார்.

"கோவிந்தப்பாகிட்ட இன்னா சொல்றது? மூணு நாள்தான் இருக்கு."

"சொல்லியாச்சு."

"எப்போ?"

"திங்கக்கிழமை. கம்பெனிலேந்து போன் பண்ணேன்."

"நான் பந்தயம்னு பேச்செடுத்ததே நேத்துதானே."

"ஆமா," என்று சொல்லி அவள் துண்டை உதறிக் கொடியில் போட்டாள்.

"அவர் இன்னா சொன்னார்? ஞாயித்துக்கிழமைக்கு ஆள் இல்லாம கஷ்டம்னு சொல்லியிருப்பாரே."

வேதநாயகி தயங்கினாள். அவள் தயங்குவது அபூர்வம். "நல்லதாப் போச்சும்மான்னார்," என்றாள்.

அது வலித்தது. அவள் உள்ளே போய்க் காபி போட்டு எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கல்யாணம் முடியட்டும். கம்பியெல்லாம் சரியா மாட்டித் தரேன். அந்த ஈயப் பத்து போட்டவன் கை சுத்தமில்ல, அதான் கொர்ருன்னு ஒரு இரைச்சல் வருது. அதையும் எடுத்துடறேன்," என்றாள். பெருமாள்சாமி காபியைக் குடித்தார். சர்க்கரை சரியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆஸ்டின் டவுன் மண்டபத்து வாசலில், சரிகை வேட்டியும் ஒரு கையில் பன்னீர்ச் செம்பும் மறு கையில் கல்கண்டுத் தட்டுமாக அவர் நின்றார். கால் கடுத்தது. உள்ளே பாட்டு நடந்தது. மேடைக்கு வெளியே நின்று குழுவைக் கேட்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. கீபோர்டுக்காரனின் இடது கை ஒரு தப்பும் செய்யவில்லை. ஒரு தப்பாவது செய்யட்டும் என்று இரண்டு மணி நேரம் காத்திருந்தார். பக்கத்தில் வேதநாயகி வருகிற ஒவ்வொருத்தரிடமும், "இவர்தான் எங்க வீட்டுக்காரர்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். முந்நூறு தடவையாவது சொல்லியிருப்பாள். ஒரு தடவை கூட அவள் குரலில் அலுப்புத் தட்டவில்லை. அதைக் கேட்க அவருக்குக் கொஞ்சம் கூச்சமாகவும், நிறையச் சந்தோஷமாகவும் இருந்தது. கால் கடுப்பது பரவாயில்லை என்று கூடத் தோன்றியது.

எட்டரை மணிக்குத் தங்கவயலிலிருந்து ஒரு பெரியம்மா வந்தாள். பார்வை சுமார். பெருமாள்சாமியின் தட்டிலிருந்து கல்கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, அவரைத் தாண்டி மேடையை எட்டிப் பார்த்தாள்.

"வேதா, உன் வீட்டுக்காரர் அடிக்கிற அந்த தும்தும் இருக்கு பாரு, இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தாண்டி காதுல விழுது. என்னமா வாசிக்கிறார்."

பெருமாள்சாமி வாயைத் திறந்தார். வேதநாயகி அவரை ஓரக்கண்ணால் ஒரு தடவை பார்த்துவிட்டு, பெரியம்மாவின் கையில் சந்தனத்தை நிதானமாகத் தடவினாள்.

"ஆமா பெரியம்மா," என்றாள். "கிட்டார் புதுசு. ரெண்டு பிக்கப்."