பிப்ரவரி முப்பதாம் தேதியை நீக்க உதவி வேண்டி

கடிதம் எண் 3 / 2025
கரங்ஜாத்தி, மத்திய ஜாவா
12 பிப்ரவரி 2025, புதன் கிளிவோன், காலை மணி 9.20

செமாராங்கில் வசிக்கும் அன்புத் தம்பி குந்தோரோவுக்கு, மூத்தவன் வார்சித்தோ எழுதுவது. நான் நலம், ரத்த அழுத்தம் மட்டும் நலமில்லை. உன் நலத்தையும், உன் மனைவியின் நலத்தையும், சென்ற 4 ஜனவரி அன்று நீ எடுத்துச்சென்ற என் குடையின் நலத்தையும் அறிய ஆவல்.

பணி ஓய்வுக்குப் பின், நம் ஜாவானிய மொழியின் இணையக் கலைக்களஞ்சியத்தில் எழுத விரும்பும் புதியவர்களுக்கு ஞாயிறுதோறும் ஊர் மன்றத்தில் நான் பயிற்சி அளித்து வருவதை நீ அறிவாய். யாரும் எழுதலாம், யார் எழுதியதையும் யாரும் திருத்தலாம் என்பதே அதன் அடிப்படை. எழுத எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். திருத்தத்தான் ஒருவருக்கும் கை வரவில்லை. அடுத்தவர் எழுத்தில் கை வைப்பது மரியாதை இல்லையாம். ஒரு கால்புள்ளியை நகர்த்துமுன் உரையாடல் பக்கத்தில் மூன்று முறை மன்னிப்புக் கேட்கிறார்கள். எழுதியவர் பதறிப்போய் மறுமன்னிப்புக் கேட்கிறார். கால்புள்ளி இருந்த இடத்திலேயே இருக்கிறது. இக்கூச்சத்தைப் போக்க ஒரு தந்திரம் செய்தேன். நம் தாத்தா ஆணி அறைந்த இரும்புப் பாலத்தைப் பற்றி நான் எழுதிய கட்டுரையில், திறப்பு நாளான 29 பிப்ரவரி 1931 என்பதை 19 ஜனவரி அன்று 30 பிப்ரவரி 1931 என்று மாற்றிவைத்து, "அடுத்த வாரத்துக்குள் இதைச் சரிபாருங்கள்" என்றேன். இத்தகைய சோதனைகளை மணல்தொட்டி என்னும் பயிற்சிப் பக்கத்தில்தான் செய்ய வேண்டும் என்பது விதி. அவ்விதியை வகுப்பில் சொல்லிக்கொடுப்பவனும் நான்தான்.

மறுவாரம் கேட்டேன்: "யாருக்கும் எதுவும் தப்பாப் படலையா?"

அனைவரும் பொரித்த சோயா தெம்பேயை மென்றுகொண்டிருந்தார்கள். நகலகம் நடத்தும் முர்யாத்தி மட்டும், 'பாக்' என்னும் மரியாதை குறையாமல், வாய் திறந்தாள்.

"பட்டுச்சு பாக். எங்க வீட்டுக் காலண்டர் இருபத்தெட்டோட நிக்குது. ஓசில வந்த காலண்டர்தானேன்னு விட்டுட்டேன். வெறும் தேதி மொட்டையா இருக்கேன்னு, நம்ம அஞ்சு நாள் சந்தைக் கணக்குல அது என்ன நாளுன்னும் போட்டு வெச்சிருக்கேன். திங்கள் வாகே."

சரிபார்த்தேன். கணக்கில் பிழை இல்லை, நாள்தான் இல்லை.

அன்றே நான் திருத்தியிருக்கலாம். ஒருவராவது துணிவார் என்று பிடிவாதமாகக் காத்திருந்தேன், தம்பி, அதுதான் வினை. 3 பிப்ரவரி அன்று ஒரு நாளிதழ் அந்தத் தேதியை அப்படியே எடுத்து அச்சிட்டுவிட்டது. மறுநாள் ஊர்த் தலைவர் த்ரிஹார்த்தோ வாசலில் நிற்கிறார்.

"பாக், பாலத்துக்கு விழா எடுத்து மஞ்சச் சோத்துக் கோபுரம் வெட்டலாம்னு இருக்கோம். இந்த வருஷம் பிப்ரவரில முப்பது வருதா, விட்டுடுதா?"

"வராது."

"அப்ப இருபத்தெட்டுக்கு மறுநாள் வெச்சுக்கலாமா?"

"அன்னைக்குத்தான் நோன்பு ஆரம்பம்."

"அடடா! நீங்கதான் முதன்மை விருந்தினர், பாத்து ஒரு வழி பண்ணுங்க."

9 பிப்ரவரி அன்று நானே தேதியைத் திருத்தினேன். நான்கே நிமிடத்தில் பழையபடி முப்பது ஆகிவிட்டது. செய்தவள், கால்புள்ளியைத் தொடவே அஞ்சிய முர்யாத்தி! "பெரியவர் மன்னிக்கவும், சான்று இல்லை" என்று குறிப்பு வேறு. கீழே சான்றாக அந்த நாளிதழ். மீண்டும் திருத்தினேன், மீண்டும் முப்பது. மூன்றாம் முறை, விஷமத் திருத்தம் என்ற எச்சரிக்கை வந்தது. இன்னொரு முறை கை வைத்தால் என் கணக்குக்குத் தடை. அவளைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"ஏம்மா, அதை எழுதுனதே நான்தானே!"

"யாரு எழுதுனாங்கன்னு பாக்காத, சான்று இருக்கான்னு பாருன்னு நீங்கதானே பாக் படிச்சுப் படிச்சுச் சொன்னீங்க?"

"அந்தப் பத்திரிகைக்காரனே என்கிட்டேருந்துதான் எடுத்தான்!"

"அதுக்கும் ஒரு சான்று குடுங்க பாக், போட்டுடறேன்."

வரும் ஞாயிறு, 16 பிப்ரவரி, பன்னிரண்டு புதியவர்கள் வருகிறார்கள். விஷமி என்று எச்சரிக்கப்பட்டவன் எந்த முகத்தோடு அவர்கள் முன் நிற்பது? என் மானம் உன் கூடத்துச் சுவரில் தொங்குகிறது. தாத்தா பாலத்தின் மேல் நிற்கும் புகைப்படத்தின் பின்புறம் அப்பா தம் கையாலேயே 29 பிப்ரவரி 1931 என்று எழுதியிருக்கிறார். "நாலு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற நாள்ல திறந்த பாலம்டா" என்று அவர் பெருமையடிப்பது நினைவிருக்கும். அதைப் படமெடுத்துச் சனிக்கிழமைக்குள் அனுப்பிவை.

நீயும் உன் குடும்பத்தாரும் நீண்ட ஆயுளும், நிறைந்த செல்வமும், இரவல் பொருளைத் திருப்பித் தரும் நல்ல மனமும் பெற்று வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
வார்சித்தோ

பின்குறிப்பு, காலை மணி 10.05: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் முர்யாத்தி நேரில் வந்தாள். மூன்று முறை மன்னிப்புக் கேட்டாள். "கோவிச்சுக்காதீங்க பாக். முப்பது கெடக்கட்டும். அந்த வருஷம் இருபத்தொம்பது இருந்துச்சா?" என்றாள். 1931 நான்கால் வகுபடவில்லை, தம்பி. விலை கொடுத்து வாங்கிய என் நூறாண்டுக் காலண்டரும் அவள் பக்கமே நிற்கிறது. புகைப்படத்தை அனுப்பாதே, அப்பாவின் எழுத்து சுவரைப் பார்த்தபடியே இருக்கட்டும். நான் மறுமன்னிப்புக் கேட்டேன். ஒரு புதியவருக்காவது திருத்தக் கற்றுக்கொடுத்துவிட்டேன் என்பதற்குக் கீழுள்ளவையே சான்று. ஞாயிறு வகுப்பை அவளே எடுப்பாள். எனக்கு முதல் வரிசையில் இடம் சொல்லியிருக்கிறாள்.

இணைப்பு:
1. நாளிதழ்ச் செய்தி, நகல்.
2. 1931 பிப்ரவரி, காலண்டர் தாள், நகல் இரண்டு. (முதல் நகலை நான் நம்பவில்லை.)
3. பால விழா அழைப்பிதழ். தேதிக்குரிய இடம் வெறுமையாக உள்ளது. தவறாமல் வரவும், குடையுடன்.