சாவு மெத்தையும் சக்தி மெத்தையும்

ஆளுக்குப் பத்து முட்டை இலவசம் என்றார்கள். அதற்குமேல் விளம்பரம் எதற்கு? மலேசியாவில் ரந்தாவைச் சுற்றியிருக்கும் நான்கு செம்பனைத் தோட்டங்களும் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே தோட்டத்து மண்டபத்தில் வந்து குவிந்துவிட்டன. பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றால் கால் வலிக்கிறது, கை வலிக்கிறது என்பவர்கள் எல்லாரும் முன்வரிசை நாற்காலியில் கைக்குட்டை போட்டு இடம் பிடித்திருந்தார்கள்.

மேடையில் ஒரு மெத்தை. அதன் கழுத்தில் மாலை. மெத்தைக்கு ஏது கழுத்து என்று கேட்காதீர்கள். அங்கே யாரும் கேட்கவில்லை.

அதுதான் சக்தி மெத்தை. மாஸ்டர் குணாளன் பன்னிரண்டு ஆண்டு தவமிருந்து கண்டுபிடித்தது. தவம் இமயமலையில் நடந்ததாகச் சனிக்கிழமை சொன்னார், ஜப்பானில் நடந்ததாக ஞாயிற்றுக்கிழமை சொன்னார். தவமும் அவ்வப்போது இடம் மாற்றலாகிப் போகும் போலிருக்கிறது. மெத்தைக்குள் எண்ணூறு காந்தங்கள், பதினெட்டு மூலிகைகள். உறையின் ஒரு பக்கம் ஓம், மறுபக்கம் சிலுவை. வேண்டிய பக்கத்தைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளாது. விலை மூவாயிரத்து எண்ணூறு வெள்ளி. தவணையும் உண்டு. முக்திக்கு முன்பணம் ஐந்நூறு.

கடைசி வரிசையில் மரியகொரெட்டி உட்கார்ந்திருந்தாள். செனாவாங்கில் ஒரு மெத்தைத் தொழிற்சாலையில் பதினாறு வருடமாக உறை தைக்கிறவள். விடுமுறை நாளிலும் மெத்தை முகத்தில் முழிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசையில்லை. முட்டைக்காகவும் வரவில்லை. புருஷனின் இடது காலுக்காக வந்திருந்தாள்.

கேப்ரியல் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். குண்டும் குழியுமான தோட்டச் சாலை முப்பது வருடமாக அவருடைய இடுப்பை இடித்துத் தள்ளியதில் முதுகெலும்பில் வட்டு பிதுங்கிவிட்டது. வலி என்றால்கூடப் பரவாயில்லை. போன வாரம் கடைக்குப் போய் வந்தவரின் இடது காலில் செருப்பைக் காணோம். எங்கே கழன்றது என்று அவருக்கே தெரியவில்லை. வெறும் காலில் சரளைக்கல்மேல் நடந்து வந்திருக்கிறார். கால் சொல்லவே இல்லை. அன்றைக்கே கொரெட்டி ஆஸ்பத்திரி அட்டையை எடுத்துத் தேதியைப் பார்த்தாள். நல்லவேளையாக, நான்கு மாதம் காத்திருந்த நரம்பு டாக்டரைப் பார்க்கும் தேதி வருகிற திங்கட்கிழமை. அதை விட்டால் மறுபடியும் நான்கு மாதம். அதற்குள் கால் என்ன ஆகுமோ?

மேடையில் மாஸ்டர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நாற்பத்தொரு நாள்! சக்தி மெத்தையில் படுங்கள். மருந்து கூடாது. ஊசி கூடாது. டாக்டர் கை பட்டால் சக்தி இறங்கிவிடும்!"

முன்வரிசையில் கேப்ரியல் பயபக்தியோடு தலையாட்டினார்.

மாஸ்டர் திடீரென்று கண்ணை மூடினார். "இந்தத் தோட்டத்தில் ஒரு மெத்தை இருக்கிறது. அது மூச்சு விடுகிறது. செத்தவருடைய மூச்சு!"

மண்டபமே மூச்சை அடக்கிக்கொண்டது.

உள்ளூர்க்காரர்கள் எல்லாரும் முத்தாயியைத் திரும்பிப் பார்த்தார்கள். மண்டபத்தைக் கூட்டிப் பெருக்குகிறவள் அவள். பத்து மாதத்துக்கு முன்னால் அவள் புருஷன் படுக்கையிலேயே போய்ச் சேர்ந்தார். தோட்டத்து வழக்கப்படி, ஒருவர் உயிர்விட்ட மெத்தையை லயத்து வீட்டு வரிசையின் கடைசியில் போட்டு எரித்துவிட வேண்டும். முத்தாயி எரிக்கவில்லை. வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத மெத்தை. உறையைத் துவைத்து, வெயிலில் போட்டு, அவளே படுத்துக்கொண்டாள். இந்தக் கதை ஓய்வுபெற்ற கங்காணி, மண்டோர் தர்மராஜுக்கும் தெரியும். அவர்தான் மாஸ்டரைத் தோட்டத்துக்கு அழைத்து வந்தவர், தம் வீட்டில் தங்கவைத்தவர், தோசை சுட்டுப் போட்டவர். மாஸ்டரின் ஞானக்கண் அந்தத் தோசைக்கல்லுக்குப் பக்கத்தில்தான் திறந்திருக்க வேண்டும்.

அரை மணி நேரத்தில் முத்தாயியின் பூப்போட்ட மெத்தையை நான்கு பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு மேடைக்குத் தூக்கி வந்தார்கள். பெயரும் வைத்தாகிவிட்டது: சாவு மெத்தை.

பிறகு சோதனை. ஒருவர் மெத்தைமேல் ஏறி நின்று கையைப் பக்கவாட்டில் நீட்ட வேண்டும். மாஸ்டர் அமுக்குவார். சாவு மெத்தையில் நின்றவர் கை பொத்தென்று விழுந்தது. சக்தி மெத்தையில் நின்றபோது அதே கை இரும்புக் கம்பிபோல் நின்றது. ஐந்து பேர் ஏறினார்கள். ஐந்து பேருக்கும் அப்படியே. கைதட்டலில் கூரைத் தகரம் அதிர்ந்தது. கொரெட்டி கைதட்டவில்லை. பதினாறு வருடம் தையல் ஊசிக்குப் பக்கத்தில் விரலை வைத்துப் பிழைத்தவள் அவள். யார் விரல் எங்கே போகிறது என்று பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

மத்தியானம் வீட்டில் சோற்றுத் தட்டுக்கு முன்னால் கேப்ரியல் ஆரம்பித்தார்.

"நாளைக்கு முன்பணம் கட்டிரலாம். திங்கக்கிழம ஆஸ்பத்திரிக்கு வேணாம்லா."

"கால்ல செருப்பு இருக்கா இல்லையான்னே தெரியல ஒங்களுக்கு. ஆஸ்பத்திரி வேணாமா?"

"டாக்டர் கைபட்டா சக்தி எறங்கிரும்னு சொன்னாருல்ல?"

"எறங்கட்டுமே. ஏறுன மாதிரி எனக்குத் தெரியல."

"நீ எதத்தான் நம்புன? அஞ்சு பேரு கை தாங்குச்சே, அது பொய்யா? கண்ணால பாத்தேன் கொரெட்டி!"

"கைய பாத்தீங்க. அவரு வெரல் எங்க இருந்துச்சுன்னு பாத்தீங்களா?"

கேப்ரியல் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்.

"சரி, ஒண்ணு கேக்கறேன்," என்றாள் கொரெட்டி. "சாவு மெத்தையில நின்னா ஒங்க கை தாங்குமா?"

"எப்படித் தாங்கும்? விழுந்துரும்."

"தாங்குச்சுன்னா?"

"தாங்குச்சுன்னா நீ சொல்ற ஆஸ்பத்திரிக்கு நான் வரேன்."

"காலைல ஆறு மணிக்கு. மொணங்காம."

"மொணங்காம. மாதா மேல சத்தியம்."

மூன்று மணிக்கு மாஸ்டர் போர்ட்டிக்சனுக்கு நண்டு சாப்பிடப் போயிருந்தார். துறவிகளுக்கும் கடல் காற்று வேண்டுமல்லவா? தர்மராஜ்தான் கார் ஓட்டினார். முத்தாயி தனியாக மண்டபத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"அக்கா, ஒரு பத்து நிமிசம் கதவ சாத்திக்கலாமா?"

"எதுக்கு கொரெட்டி? எம் மெத்தைய நாளைக்கு சாயங்காலம் கொளுத்தப் போறாங்களாம். அவரு போன அன்னிக்கு வாங்குன பேச்சு போதாதுன்னு, இப்ப நாலு தோட்டத்துக்கும் தெரிஞ்சு போச்சு."

"கொளுத்த மாட்டாங்க. அந்தப் பக்கம் புடிங்க."

ஸிப்பைத் திறக்கிற சத்தம் இரண்டு முறை கேட்டது. தினமும் நூற்றுப்பத்து உறை தைக்கிறவளுக்கு இரண்டு உறையை மாற்றிப் போடுவது ஒரு வேலையா? இரண்டுமே ஒரே அளவு, ஒரே ஆறு அங்குல உயரம். முத்தாயியின் பழைய மெத்தை ஓமும் சிலுவையும் போட்ட பட்டுறைக்குள் போனது. மூவாயிரத்து எண்ணூறு வெள்ளிச் சக்தி, பூப்போட்ட உறைக்குள் அடங்கியது. அதற்குமுன் சக்தியின் உள்ளே ஒருமுறை எட்டிப்பார்த்த கொரெட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பட்டுறைமேல் மாலையை மறக்காமல் திரும்பப் போட்டாள்.

"தப்பில்லையா கொரெட்டி?" என்றாள் முத்தாயி.

"மாஸ்டருக்கு ஞானக்கண்ணு இருக்குக்கா. தப்பா இருந்தா அவரே கண்டுபுடிச்சுருவாரு."

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இரண்டு மடங்கு. முட்டை தீர்ந்துபோய்ச் சமையல் எண்ணெய் கொடுத்தார்கள். மாஸ்டர் மேடைக்கு வந்ததும் மாலை போட்ட மெத்தையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பூப்போட்ட மெத்தையைப் பார்த்ததும் இரண்டடி பின்வாங்கினார். "நேற்றைவிட மூச்சு வேகமாக இருக்கிறது!" என்றார். நடிப்புக்குக் குறை சொல்ல முடியாது.

"நம்ம கேப்ரியல் ஏறட்டும்!" என்றார் தர்மராஜ்.

கேப்ரியல் இடது காலை இழுத்து இழுத்துப் படியேறினார். முதலில் பூப்போட்ட மெத்தைமேல் நின்று கையை நீட்டினார். மாஸ்டர் அமுக்கினார். கை விழுந்தது. "பார்த்தீர்களா! உயிரை உறிஞ்சுகிறது!" பிறகு மாலை போட்ட மெத்தை. மாஸ்டர் பல்லைக் கடித்து, முகம் சிவக்க, தொங்காத குறையாக அமுக்கினார். கை அசையவில்லை.

கேப்ரியலின் கண்ணில் தண்ணீர். "கொரெட்டி, தாங்குது பாரு! காலுகூட லேசா சூடாற மாதிரி இருக்கு!"

கைதட்டல் அடங்கும்வரை கொரெட்டி பொறுத்திருந்தாள். பிறகு எழுந்து மேடைக்கு நடந்தாள்.

"மாஸ்டர், நல்லா கேட்டுக்கணும். சக்தி எதுல இருக்கு?"

"இதோ, இதில் அம்மா."

"சாவு?"

"அதில். பக்கத்தில் போகாதீர்கள் அம்மா."

"நிச்சயமா?"

"பன்னிரண்டு வருடத் தவம் அம்மா!"

கொரெட்டி மாலையைக் கழற்றிக் கணவர் கையில் கொடுத்தாள். பட்டுறையின் ஸிப்பை ஒரே இழுப்பாக இழுத்தாள். உள்ளிருந்து வெளியே வந்தது, பழுத்து மஞ்சளாகிப்போன ஒரு நுரை மெத்தை. ஓரத்தில் கொசுவத்தி சுட்ட கறுப்பு வட்டம்.

"அய்யோ, இது எங்க வீட்டுக்காரரு கொசுவத்திய வச்சு சுட்டது!" என்று கீழிருந்து கத்தினாள் முத்தாயி. "எம் மெத்த!"

மண்டபத்தில் முட்டை உடைந்தாலும் கேட்டிருக்கும்.

"நேத்து மத்தியானம் ஒறைய மாத்துனது நான்தான்," என்றாள் கொரெட்டி. "அவரு நண்டு தின்னுட்டு வந்து சாவு மேல நிக்க வச்சு சக்தி காட்டுறாரு." பூப்போட்ட உறையையும் திறந்தாள். சிவப்பு, பச்சை, நீலம் என்று பல நிறத் துண்டு நுரையை அரைத்து ஒட்டிய கட்டி ஒன்று வெளியே வந்தது. "இதுதான் தவம். எங்க மாதிரி கம்பெனியில வெட்டிக் கழிச்ச துண்ட அள்ளி ஒட்டுனது. எண்ணூறு காந்தமா? இந்தாங்க." கொண்டை ஊசிகள் ஐந்தாறை உருவி அதன்மேல் போட்டாள். எல்லாம் சறுக்கித் தரையில் விழுந்தன. ஒன்றுகூட ஒட்டவில்லை.

மாஸ்டர் லேசுப்பட்டவரா? ஒரு நொடியில் சமாளித்தார். "சக்தி எப்போதுமே உறையில்தான் இருக்கிறது! மந்திரம் எழுதிய உறை!"

"அப்ப ஒறைய மட்டும் வித்துருங்க. தைக்கிற கூலி எனக்குத் தெரியும், பதினெட்டு வெள்ளி போட்டுக்குங்க."

முதல் சிரிப்பு பின்வரிசையில் கிளம்பியது.

"என்னாங்க, இப்ப ஒறை இல்லாத ஒங்க சாவு மெத்தையில ஏறி நில்லுங்க," என்றாள் கொரெட்டி. கேப்ரியல் முத்தாயியின் மெத்தைமேல் நின்றார். "மணிக்கட்டுல அமுக்கி, கொஞ்சம் வெளிப்பக்கமா இழுத்தா விழும். இதோ." விழுந்தது. "முழங்கைக்குப் பக்கத்துல, ஒடம்பப் பாத்து அமுக்குனா எந்தப் பயில்வானாலயும் எறக்க முடியாது. இதோ." நின்றது. "மெத்தையும் அதேதான், கையும் அதேதான். வெரல் மட்டுந்தான் எடம் மாறுது. வாங்க மாஸ்டர், இப்ப ரெண்டு மெத்த மேலயும் போர்வையப் போட்டு மூடறோம். எது எதுன்னு ஒங்களுக்குச் சொல்ல மாட்டோம். அமுக்கிக் கண்டுபுடிங்க."

மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நீலாயில் அவசரப் பூசை ஒன்று ஞாபகம் வந்துவிட்டது. சந்தேகம் உள்ள இடத்தில் சக்தி தங்காதாம். அது மட்டும் உண்மை. சக்தியும் மாஸ்டரும் அவருடைய வேனில் ஏறிப் பின்வாசல் வழியாகப் போய்விட்டார்கள். முன்பணப் பையை, கட்டியவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க, தர்மராஜ் பிடுங்கி வைத்துக்கொண்டார். தோசை சுட்ட கைக்கு அவ்வளவாவது செய்யத் தோன்றியதே.

"தங்கச்சி, எனக்கு மொதல்லயே லேசா ஒரு டவுட்டு லா," என்றார் தர்மராஜ். எப்போதும் எல்லாருக்கும் முதலிலேயே சந்தேகம் இருக்கும். வேன் போன பிறகுதான் அது வெளியே வரும்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குக் கேப்ரியல் முணங்காமல் கிளம்பினார். நரம்பு டாக்டர் அவர் உள்ளங்காலில் ஊசியால் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தா ஆயுசுக்கும் கால இழுத்துக்கிட்டே நடக்க வேண்டியதுதான்," என்றார். சிகிச்சைக்கு அந்த வாரமே நாள் குறித்தார். கொரெட்டி வெளியே வந்து, நடைபாதைச் சுவரில் சாய்ந்து, யாரும் பார்க்காமல் கொஞ்சம் அழுதாள்.

திரும்பும் வழியில் ஒரு மெத்தைக் கடை. டாக்டர் இரும்புப் பலகைபோல் கெட்டியும் வேண்டாம், தொட்டில்போல் குழிவதும் வேண்டாம் என்றிருந்தார்.

"படுங்க," என்றாள் கொரெட்டி.

"கடையிலயா? எல்லாரும் பாப்பாங்கடி."

"முந்நூறு பேரு முன்னாடி கைய நீட்டிக்கிட்டு நின்னீங்க. பத்து நிமிசம் படுக்க வெக்கமா?"

கேப்ரியல் செருப்பைக் கழற்றிவிட்டு மல்லாந்து படுத்தார். கொரெட்டி அவர் இடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவில் கையை நுழைத்துப் பார்த்தாள். முதல் மெத்தையில் கை இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்தது: ரொம்பக் கெட்டி. இரண்டாவதில் கை நுழையவே இல்லை: அவரே உள்ளே புதைந்துவிட்டார். மூன்றாவதில் கை அளவாக உராய்ந்து போனது. ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பின்னால் நின்று பார்த்தாள். முதுகெலும்பு கோடு போட்டதுபோல் இருந்தது. அவ்வளவுதான் மெத்தை சாத்திரம். மந்திரமும் கிடையாது, மாலையும் கிடையாது. கேப்ரியல் அதற்குள் தூங்கிப்போயிருந்தார்.

முத்தாயி தன் மெத்தையை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். இப்போது அது மூச்சு விடுவதாக யாரும் சொல்வதில்லை. ஆனால் அடுத்த மாதம் அதே மண்டபத்தில் அதிசயத் தண்ணீர்க் குடம் வருகிறதாம். ஆளுக்கு ஒரு கிலோ சீனி இலவசமாம். கைக்குட்டைகள் தயாராகிவிட்டன.

உடம்புக்கு நல்ல மெத்தையாகப் பார்த்துப் போடுங்கள், ஐயா. புத்திக்கு மட்டும் போடாதீர்கள். அது ஒருமுறை படுத்துவிட்டால் எழுப்ப எந்த மாஸ்டரும் வரமாட்டான். அது படுத்தே கிடப்பதுதான் அவன் பிழைப்பு.