முப்பத்தேழாவது திருகாணி

மாப்பிள்ளை கழற்றியது முப்பத்தாறு திருகாணி. திரும்ப முடுக்கியதும் முப்பத்தாறுதான். ஒவ்வொன்றுக்கும் காகிதத்தில் கோடு போட்டு வைத்திருந்தார். அப்படியும் கை கழுவிவிட்டு வந்து பார்த்தால், தட்டில் ஒன்று மிச்சமாகக் கிடந்தது.

“மாமா, ஒண்ணு மிஞ்சிடுச்சு.”

மடியில் பிஸ்கட் டப்பாவோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமனார் எட்டிப் பார்த்தார்.

“அடடா! எங்கேயோ ஒரு எடம் விட்டுப்போச்சு மாப்ள.”

“ஒரு தடவை ஓட்டிப் பாத்துடலாமா?”

“நல்லா இருக்கே! ஆபரேஷன் முடிஞ்சப்புறம் குடல் ஒண்ணு வெளிய கெடந்தா டாக்டர் பேசாம வீட்டுக்குப் போயிடுவாரா? நாளைக்கு மறுபடி கழட்டலாம். நீங்க போய்க் குளிங்க, மூஞ்சியெல்லாம் கரி.”

கரிக்குக் காரணம் கூடத்தில் சோபா இருக்க வேண்டிய இடத்தில் நின்ற பின்பால் மெஷின். மாமனார் இருபத்தெட்டு வருஷம் மேனேஜராக இருந்த கிளப்பை மூடியபோது, அவருக்குப் பிரிவுப் பரிசாகக் கொடுத்தது. கண்ணாடிக்கு அடியில் இரும்புக் குண்டு ஓடும்; முட்டும் இடமெல்லாம் மணி அடிக்கும்; கீழே விழப்போகும் குண்டை இரண்டு துடுப்புகள் மேலே தட்டிவிட வேண்டும். எட்டு மாதமாக இடது துடுப்பு எழவில்லை. மாமனாருக்குக் கை நடுக்கம், ஸ்குரூடிரைவர் பிடிக்க முடியாது.

போன வருஷம் மாப்பிள்ளைக்குக் கால் உடைந்து இடுப்புவரை கட்டுப் போட்டிருந்தார்கள். அந்த நடுங்கும் கைதான் நாற்பது நாள் அவரைத் துடைத்துவிட்டது, சோறு ஊட்டியது, பேப்பர் பிடித்துப் படித்துக் காட்டியது. கட்டுப் பிரித்த அன்று மாப்பிள்ளை அழுதேவிட்டார்.

“என் தோலைச் செருப்பா தச்சுப் போட்டாலும் உங்க கடன் தீராது மாமா.”

“தோல் உங்ககிட்டயே இருக்கட்டும் மாப்ள. லீவு கெடைக்கிறப்ப வந்து அந்த மெஷினைக் கொஞ்சம் பாருங்க.”

அப்படித்தான் வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாள் வந்திருந்தார். வெள்ளிக்கிழமை முழுக்கத் துடைத்தார். துடுப்பைத் தள்ளும் கம்பியில் வருஷக்கணக்கான அழுக்கு பசையாக அப்பியிருந்தது. ஸ்பிரிட் நனைத்த துணியால் தேய்த்ததும் கம்பி பளபளத்தது. ரப்பர் வளையங்களைக் கழுவினார். குண்டை முகம் தெரியும்வரை துடைத்தார். எல்லாவற்றையும் மாட்டிய பிறகுதான் அந்த ஒரு திருகாணி மிஞ்சியது.

சனிக்கிழமை மறுபடி கழற்றி மாட்டினார். சாப்பிட்டுவிட்டு வந்தால் தட்டில் மூன்று கிடந்தன.

“மூணா!” என்றார் மாமனார், ஏதோ பேரன் பிறந்த செய்தி கேட்டவர் போல. “அவசரமே இல்ல மாப்ள. கிளப்புல ஒரு வக்கீல் வருவாரு, சொல்லியிருக்கேனா? குண்டுகிட்ட வாதாடுவாரு…”

வக்கீல் கதை முடிந்து பல் டாக்டர் கதை வந்தது. மாப்பிள்ளை வயிறு வலிக்கச் சிரித்தார். நடுநடுவே பிஸ்கட் டப்பா கலகலத்தது, ஆனால் ஒரு பிஸ்கட்டும் வெளியே வரவில்லை. நாற்பது நாள் ஊட்டிவிட்ட மனிதரிடம் பிஸ்கட்டுக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது என்று மாப்பிள்ளை மனதைத் தேற்றிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு முடிவுக்கு வந்தார். கண்ணில் பட்ட காலித் துளைகளில் மூன்றையும் முடுக்கினார். சுவிட்சைப் போட்டதும் மணி அடிக்க ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. மாமியார் காதில் பஞ்சோடு வந்து பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து, “எங்க தீப்பிடிச்சிருக்கு?” என்றார்.

மாப்பிள்ளை பிளக்கைப் பிடுங்கினார். இடது துடுப்பு திருகாணியில் சிக்கி விறைத்து நின்றது. இளகட்டும் என்று தையல் மெஷின் எண்ணெயைத் தாராளமாக ஊற்றினார். எண்ணெய் அடியில் இருந்த தூசியோடு சேர்ந்து களிம்பாகி, நன்றாக இருந்த வலது துடுப்பையும் பிடித்துக்கொண்டது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்.

திரும்பவும் ஸ்பிரிட், துணி, தேய்ப்பு. மூன்று திருகாணியையும் பிடுங்கி, எல்லாவற்றையும் பழையபடி மாட்டி முடிக்க மாலை ஐந்து ஆனது. ஆறு மணிக்குப் பஸ். பெட்டியைக் கட்டிவிட்டு வந்து தட்டைப் பார்த்தார். மூன்று திருகாணியும் ஒரு ஸ்பிரிங்கும் இருந்தன.

மாப்பிள்ளை தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“நாப்பது நாள் எனக்காக இருந்தீங்க மாமா. உங்களுக்காக ஒரு துடுப்பைத் தூக்கிவிட எனக்குத் துப்பில்லையே.”

மாமனார் டப்பாவின் மூடியைத் தடவிக்கொண்டிருந்தார். “நீங்க வந்ததே பெருசு மாப்ள,” என்றார். பிறகு மெதுவாக, “இன்னும் ரெண்டு நாள் இருந்தா முடிஞ்சிடாது?” என்றார்.

மாப்பிள்ளை அப்போதே ஆபீசருக்கு போன் போட்டார்.

“ரெண்டு நாள் லீவு வேணும் சார்.”

“என்ன காரணம்?”

“ஒரு ஸ்பிரிங் மிஞ்சிடுச்சு சார்.”

ஆபீசர் மிகவும் கனிவாக, “எடுத்துக்கங்க. உடம்பைப் பாத்துக்கங்க,” என்றார்.

“கெடைச்சிடுச்சு மாமா! செவ்வாய் வரைக்கும்!”

மாமனார் டப்பாவை நாற்காலியிலேயே வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினார். நாளைக்குக் காய் வாங்கி வருவதாகச் சொல்லிக்கொண்டே தெருவில் இறங்கினார். நடையில் பத்து வயது குறைந்திருந்தது. இந்த மனிதருக்காக வேலையே போனாலும் பரவாயில்லை என்று மாப்பிள்ளைக்குத் தோன்றியது.

மாமியார் காதுப் பஞ்சை எடுத்தபடி டீயோடு வந்தார். நாற்காலியில் இருந்த டப்பாவைத் திறந்து அவரிடம் நீட்டினார். ஒருவழியாக பிஸ்கட் கிடைத்ததே என்று கையை விட்ட மாப்பிள்ளையின் விரல்களில் சில்லென்று திருகாணிகளும் ஸ்பிரிங்குகளும் தட்டுப்பட்டன.

“ரெண்டு நாள் நிம்மதியா இருங்க மாப்ள, எதுக்கும் எடம் தேடாதீங்க,” என்றார் மாமியார். “வெள்ளிக்கிழமை நீங்க குளிக்கப் போனப்பவே அவர் மெஷின்ல ரெண்டு ஆட்டம் ஆடிட்டாரு, போன தடவை வந்த மெக்கானிக்கையும் இப்படித்தான் பதினோரு நாள் உக்கார வச்சாரு.”