பென்டிரைவ் அங்கிள் வராமல் விடியாது

பெங்களூரில் கம்ப்யூட்டரைக் கெடுக்கத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கெடுத்த வீட்டிலேயே தினமும் உட்கார்ந்து காபி குடித்து, நன்றியும் வாங்கிக்கொண்டு போனவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் பென்டிரைவ் அங்கிள்.

காக்ஸ் டவுனில் நான் குடியிருந்த சந்தில், மாடி அறையில் தனியாக இருந்தார். ஏதோ ஃபேக்டரியில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டவர். கழுத்தில் கறுப்புக் கயிறு. அதில் ஒரு சிலுவை, சிலுவையைச் சுற்றி அரை டஜன் பென்டிரைவ். பூமியில் உள்ள எல்லாக் கம்ப்யூட்டரிலும் விண்டோஸை அழித்து, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸை ஏற்றிவிட்டுத்தான் கண்ணை மூடுவது என்று சபதம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வருகிறவர்களை சர்ச் வாசலில் மடக்கி, "இன்னும் ஜன்னல்தான் வச்சிருக்கியாப்பா?" என்று விசாரிப்பார். ஃபாதர் பேசிய பாவங்களையெல்லாம் விட அது பெரிய பாவம் என்ற தொனியில் கேட்பார்.

என் லேப்டாப் கொஞ்சம் மெதுவாக ஓடுகிறது என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அரை மணி நேரத்தில் அது அவர் மடியில் இருந்தது. சாயங்காலம் லினக்ஸ் ஏறிவிட்டதாக அறிவித்து, பென்டிரைவைப் பிடுங்கி, மறுபடி ஸ்விட்சைப் போட்டார். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வெள்ளை வரி வந்தது. கிளப்புவதற்கு உள்ளே ஒன்றுமே இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னது.

"பயாஸ்ல கோளாறு," என்றார்.

"அப்படின்னா?"

"ஸ்விட்ச் போட்டதும் முதல்ல கண்ணு முழிக்கிறது அதுதான். உன்னோடது சோம்பேறி."

ஏதேதோ பட்டன்களை அழுத்தினார். பூட் வரிசையை மாற்றினார். செக்யூர் பூட் என்று ஒன்றை அணைத்தார். அந்த வரி அசையவில்லை. கடைசியில் அலுத்துப்போய்ப் பென்டிரைவைத் திரும்பச் சொருகினார். லேப்டாப் ஜம்மென்று எழுந்தது. பிடுங்கிவிட்டு ஸ்விட்சைப் போட்டால் செத்தது. சொருகிவிட்டுப் போட்டால் உயிர்த்தது. ஒருமுறை எழுந்துவிட்டால் அப்புறம் பிடுங்கினாலும் ஓடியது.

வேறு யாராக இருந்தாலும் தலையைச் சொறிந்திருப்பார்கள். அங்கிள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "இது செக்யூரிட்டிப்பா. சாவி இல்லாம எவனும் திறக்க முடியாது," என்று சொல்லி, சாவியைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு மாடியேறிவிட்டார்.

"என்கிட்ட குடுங்க அங்கிள்."

"நீ தொலைச்சிடுவே."

எங்கள் சந்தில் அவர் கைபட்ட எல்லாக் கம்ப்யூட்டருக்கும் இதே விதி. காலையில் பால்காரர் போன பின் அங்கிள் வருவார். வீடு வீடாகச் சொருகி, எழுப்பி, காபி குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். ராத்திரி அணைக்காதீர்கள் என்பது அவர் கட்டளை. ஆனால் எதிர்வீட்டு மெர்சி டீச்சர், ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடினாலே ஜெபத்தை நிறுத்திவிட்டு எழுந்துபோய் அணைப்பவர். அவர் வீட்டில் அங்கிளுக்குத் தினப்படி காபி உறுதி. ஜெயராஜ் மாமாவிடம் இருந்ததோ பேட்டரி இல்லாத பழைய பெட்டிக் கம்ப்யூட்டர். தெருவில் கரண்ட் போகும்போதெல்லாம் அவர் அங்கிளுக்குத்தான் போன் செய்வார், மின்வாரியத்துக்கு அல்ல.

ஒருநாள் அங்கிள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. டெங்கு காய்ச்சல், ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டார் என்று கீழ்வீட்டில் சொன்னார்கள். போன் செய்தால் எடுக்கவில்லை. சந்து முழுக்கக் கம்ப்யூட்டர்கள் இருண்டு கிடந்தன. மெர்சி டீச்சர்தான் பதறினார். அவரிடம் ஆன்லைனில் கணக்கு டியூஷன் படிக்கும் பத்தாவது பிள்ளைகளுக்கு மறுநாள் பரீட்சை. அன்று சாயங்காலம் கடைசி வகுப்பு. பாடம் நடத்தும் படங்கள், கணக்குகள் எல்லாம் அந்த லேப்டாப்புக்குள்.

"வாப்பா, போகலாம்," என்று லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு கிளம்பினார். நான் என்னுடையதை எடுத்துக்கொண்டேன். ஜெயராஜ் மாமா தன் பெட்டியை ஸ்கூட்டரில் முன்னால் நிறுத்திக்கொண்டு வந்தார்.

ரிசப்ஷனில் இருந்த பெண் கன்னடத்தில், "பேஷன்ட் ஹெஸரு?" என்று பெயர் கேட்டாள்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அத்தனை காலம் காபி கொடுத்திருக்கிறோம், ஒருவருக்கும் அவர் பெயர் தெரியாது.

"பென்டிரைவ்," என்றார் ஜெயராஜ் மாமா.

அவள் சிரிக்கவில்லை. "கழுத்துல கொத்தா ஏதோ மாட்டியிருக்காரே, ஸ்கேனுக்குக்கூடக் கழட்ட மாட்டேன்னு சண்டை போட்டாரே, அவரா?" என்று தமிழுக்கு மாறினாள். "இரண்டாவது மாடி."

அங்கிள் பாதியாக இளைத்திருந்தார். கையில் டிரிப்ஸ். எங்களைப் பார்த்ததும் எழப்போனார். எங்கள் கைகளில் இருந்த கம்ப்யூட்டர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டார்.

"உடம்பு எப்படி இருக்கு பிரதர்?" என்று கேட்டுக்கொண்டே மெர்சி டீச்சர் லேப்டாப்பை அவர் வயிற்றின் மேல் வைத்தார். அங்கிள் கொத்தில் ஒன்றைத் தேடிப் பிடித்துச் சொருகினார். அது எழுந்தது.

ரவுண்ட்ஸ் வந்த, சின்னப்பையன் மாதிரி இருந்த ஒரு டாக்டர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார். "பென்டிரைவ் இல்லாம வராதா?" என்று கேட்டார்.

"வராது. செக்யூரிட்டி," என்றார் அங்கிள்.

"இல்ல அங்கிள். ஏத்தும்போது பூட் லோடரை, அதான் கம்ப்யூட்டரை எழுப்புற புரோகிராமை, எதுல போடணும்னு கேட்டிருக்கும். நீங்க டிஸ்க்கைக் காட்டாம பென்டிரைவைக் காட்டியிருக்கீங்க. வீட்டை இங்க கட்டிட்டு வாசப்படியைப் பக்கத்துத் தெருவுல வச்சிட்டீங்க."

டாக்டரே டீச்சரின் லேப்டாப்பில் ஏதோ ஒரு வரி தட்டினார். பென்டிரைவைப் பிடுங்கி, ஸ்விட்சை அணைத்துப் போட்டார். எழுந்தது. அங்கிள் டிரிப்ஸ் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். "எழுந்திரிச்சது சரி. செக்யூரிட்டி போச்சே," என்றார். அந்தக் குரலில் தெம்பில்லை.

டீச்சரின் வகுப்பு நடந்தது. டிஸ்சார்ஜ் ஆனதும் அங்கிள் வீடு வீடாக வந்து, டாக்டர் தட்டிய அதே வரியைத் தட்டி எல்லாவற்றையும் சரிசெய்து கொடுத்தார். உட்காரவில்லை, காபி வேண்டாம் என்றார். அதன்பின் காலையில் அவர் மாடியை விட்டு இறங்கவில்லை. இறங்கி எங்கே போவது? எல்லாக் கம்ப்யூட்டரும் தானாக எழுந்துகொண்டிருந்தன. சந்துக்கு நிம்மதி என்று நான்தான் முதலில் சொன்னேன்.

மெர்சி டீச்சர் ஒருநாள் தெருவில் நின்றே மாடியைப் பார்த்துக் கூப்பிட்டார். "பிரதர், காபி ஆறுது."

"கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுதா?"

"அது நல்லாத்தான் இருக்கு. அதுக்காக மனுசன் வராம இருந்திடறதா?"

அங்கிள் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். நானும் போயிருந்தேன். காபியை ஒரு மடக்குக் குடித்தார். பிறகு மெல்ல ஆரம்பித்தார். "டீச்சரம்மா, ஆஸ்பத்திரில படுத்து யோசிச்சேன். பிரின்டருக்குள்ளயும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர்தான் இருக்கு. அதுலயும் லினக்ஸ் ஏத்தினா என்ன?"

"என்கிட்ட பிரின்டர் இல்லையே பிரதர்," என்றார் டீச்சர்.

அங்கிளின் முகம் விழுந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழப்போனார்.

"என்கிட்ட ஒண்ணு இருக்கு அங்கிள்," என்றேன்.

அன்றுவரை நன்றாக ஓடிக்கொண்டிருந்த பிரின்டர் அது.